தாத்தாவின் 1951 ஷெவர்லே பக்கி: இஞ்சின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டில் கரும்புத் தோட்டக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றுவிட்ட தாத்தாவின் 1951 ஷெவர்லே அரை டன் பக்கியை (பிக்கப் வண்டியை), டர்பன் புறநகரான ஃபீனிக்ஸில் உள்ள உங்கள் வீட்டின் ஒற்றைக் கராஜுக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வெளித்தோற்றம் பழையபடியே இருக்க வேண்டும், உள்ளே வி8 இஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டிஸ்க் பிரேக்கும் வர வேண்டும், வண்டி கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். லெக்சஸ் வி8 ஒன்று விலைக்கு வந்திருப்பதால் அதை இப்போதே வாங்கிவிடலாமா என்பது முதல் கேள்வி. பழைய சேசிஸைக் கழித்துவிட்டு டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் சேசிஸின்மேல் கேபினை உட்காரவைத்தால் வேலை சுலபமாகுமா என்பது இரண்டாவது. இஞ்சினை இப்போது வாங்காதீர்கள், தாத்தாவின் சேசிஸை விட்டுவிடாதீர்கள் என்பதே இரண்டுக்கும் என் பதில். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக் கராஜில் தொடங்கி நின்றுபோன வண்டிகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே வழியில்தான் நின்றுபோயிருக்கின்றன. முதலில் இஞ்சின் வாங்கப்படுகிறது. அந்த உற்சாகத்தில் ஒரே வாரத்தில் வண்டி முழுவதும் பிரிக்கப்படுகிறது. பிறகு பிரேக்குக்கும் தகட்டு வேலைக்கும் பணம் இல்லாமல், பெயர் எழுதாத டப்பாக்களில் போல்ட்டுகள் கிடக்க, கேபின் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. பிரித்த வண்டியை யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை, கட்டுபவருக்கும் மனம் விட்டுப்போகிறது. ஆகவே வண்டியை எவ்வளவு காலம் முழுதாக வைத்திருக்க முடியுமோ அவ்வளவு காலம் முழுதாக வைத்திருந்து, காகிதம், சேசிஸ், பிரேக்கும் ஸ்டியரிங்கும், கேபின் தகடு, அதன்பின் இஞ்சின் என்ற வரிசையில் போவதே ஒற்றைக் கராஜுக்கும் வார இறுதி உழைப்புக்கும் பொருந்துகிற முறை.

காகிதத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி இன்னும் தாத்தாவின் பெயரிலேயே பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் காலமாகியிருந்தால், இறந்தவரின் சொத்துகளைக் கவனிக்கும் ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகம் வழங்கும் நியமனக் கடிதம் யார் பெயரில் உள்ளதோ அவர்தான் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட முடியும். இதைக் குடும்பத்தார் அனைவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இ-நாட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் வண்டி எந்த நிலையில் இருக்கிறது, உரிமக் கட்டணமும் அபராதமும் எவ்வளவு நிலுவை என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். நம் நாட்டில் வாகனங்களுக்குக் குறியீடு உண்டு: புதியது 1, பயன்படுத்தியது 2, சேதத்திலிருந்து மறுபடி கட்டப்பட்டது 3, நிரந்தரமாகக் கழிக்கப்பட்டது 4. நான்காம் குறியீட்டில் விழுந்த வண்டி மறுபடி சாலைக்கு வர முடியாது. சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவேட்டில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று வண்டியைத் தொடுவதற்கு முன்பே பாருங்கள். எண் தகடுகளையும் பொறித்த இடங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். துரு எடுக்கும் வேகத்தில் கிரைண்டரால் ஒரு எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டால், அதன்பின் அந்த வண்டி உங்களுடையது என்று காவல்துறையிடம் நிரூபிப்பது பெரும்பாடு.

ஹைலக்ஸ் சேசிஸ் பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. சட்டத்தின் பார்வையில் வாகனத்தின் அடையாளம் சேசிஸ் எண்ணோடு போகிறது. தாத்தாவின் கேபினை வேறொரு சேசிஸில் ஏற்றினால், வெளியே ஷெவர்லே, காகிதத்தில் ஹைலக்ஸ் என்று ஒரு சிக்கலான பிறவி உருவாகும். தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. உங்கள் வண்டியின் முன்பின் சக்கர இடைவெளி 116 அங்குலம், அதாவது 2,946 மில்லிமீட்டர். 2005இல் வந்த ஹைலக்ஸின் இடைவெளி 3,085 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம் அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்றாலும், பின்சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காமல் பின்னால் தள்ளி நிற்கும். அதைச் சரிசெய்ய சேசிஸை வெட்டிக் குறுக்க வேண்டும். கேபின் உட்காரும் இடங்களையும், ரேடியேட்டர் தாங்கியையும், ஸ்டியரிங் தண்டையும் புதிதாக அமைக்க வேண்டும். சுலபம் என்று தோன்றுகிற இந்த வழிதான் முடிவில் அதிக வெல்டிங் கேட்கிறது. தாத்தாவின் சேசிஸோ தடித்த எஃகில் செய்த எளிமையான ஏணி வடிவம். விரிசலும் வளைவும் இல்லாவிட்டால் இன்னொரு தலைமுறைக்கும் தாங்கும்.

கராஜை ஆயத்தம் செய்வதற்குச் சில வார இறுதிகளை ஒதுக்குங்கள். வெல்டிங் இயந்திரத்துக்கென்று தனி பிரேக்கரோடு ஒரு மின்சுற்று போடச் சொல்லி, அதற்குரிய சான்றிதழை மின்பணியாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்; வீட்டுப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே வெல்டிங் செய்தால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். மின்வெட்டு அட்டவணை வந்தால் அந்த நேரத்துக்கு அளவெடுப்பு, சுத்தம் செய்தல், போல்ட் பிரித்தல் போன்ற கைவேலைகளை ஒதுக்கி வையுங்கள். வண்டி எப்போதும் எடைக்குத் தகுந்த நான்கு ஜாக் ஸ்டாண்டுகளின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பியும், செங்கல் அல்லது சிமெண்ட் கல்லின்மேல் நிறுத்தியும் எவரும் அடியில் படுக்கக் கூடாது. சிமெண்ட் கல் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

பிரிப்பதற்கு முன் அளவெடுங்கள். கராஜ் தரையில் சேசிஸின் முக்கியமான துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, விழும் புள்ளிகளைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்து, மூலைவிட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் சேசிஸ் நேராக இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளைந்திருக்கிறது, அதை நேராக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்தில் கரும்பும் உரமும் சுமந்த வண்டிகளில், பின் ஸ்பிரிங் தாங்கிகளின் ரிவெட்டுகள் தளர்ந்திருப்பதும், குறுக்குச் சட்டங்களின் ஓரங்களில் மெல்லிய விரிசல் ஓடியிருப்பதும் வழக்கம். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ரகப் பக்கிகளின் மட்கார்டு, தரைத் தகடு, கதவு ரப்பர் போன்றவை அமெரிக்காவில் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன. தரகுக் கட்டணமும் சுங்கவரியும் 15 விழுக்காடு வாட் வரியும் கட்டினால் வீட்டுக்கே வந்துசேரும். ஆனால் அங்கே வண்டி ஓட்டுவது இடப்பக்க ஸ்டியரிங்கில். நம் வண்டிகள் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1926இலிருந்து போர்ட் எலிசபெத்தில், இன்றைய கெபர்காவில், வண்டிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டி வந்தது. ஸ்டியரிங் பெட்டி, அதன் தாங்கி, பெடல் தொகுதி, இணைப்புத் தண்டுகள் ஆகிய வலப்பக்கப் பாகங்கள் எந்த அட்டவணையிலும் சுலபமாகக் கிடைக்காது. தேய்ந்துபோனதாகவே இருந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூட எறிந்துவிடாதீர்கள். பழையது மாதிரியாக இருந்தால்தான் கடைசல் பட்டறை அதைப் பார்த்துப் புதியதைச் செய்து தர முடியும்.

இனி துரு. டர்பன் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருவதால், கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நின்ற வண்டியும் டொங்காட்டில் நின்ற வண்டியும் ஒரே வயதுடையவையாக இருந்தாலும் ஒரே நிலையில் இருக்காது. இந்தக் கேபினில் துரு தேடிப்போகும் இடங்கள் தெரிந்தவைதான்: கேபினின் பின்மூலைகளின் அடிப்பகுதி, காலடித் தகடு, கதவின் கீழ்விளிம்பு, முன்பக்கத்தில் கேபின் சேசிஸில் உட்காரும் தாங்கிகள், காற்று மூடியைச் சுற்றியுள்ள தகடு. வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் இந்த இடங்களை ஸ்குரூடிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள்.

சிறிய பாகங்களின் துருவை எடுக்க, நம் மாகாணத்தில் மலிவாகக் கிடைக்கும் மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. மாட்டுத் தீவனமாக விவசாயக் கூட்டுறவுக் கடைகளில் விற்கும் சாதாரண மொலாசஸை, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அளவில் பிளாஸ்டிக் பீப்பாயில் கலந்து, கிரீஸும் பழைய பெயின்டும் நீக்கிய பாகங்களை முழுதாக மூழ்கவையுங்கள். அந்தக் கரைசல் இரும்பு ஆக்சைடைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. நல்ல எஃகை அநேகமாகத் தொடுவதில்லை. துருவின் தடிமனைப் பொறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும், ஆனால் உங்கள் கை உழைப்பு எதையும் அது கேட்பதில்லை. கதவுக் கீல், பானட் பூட்டு, ஸ்பிரிங் கிளிப், போல்ட்டுகள், ஒன்றோடொன்று மடிந்து பிரஷ் போகாத தகடுகள் எல்லாவற்றுக்கும் இது ஏற்றது. அலுமினியம், துத்தநாகப் பூச்சு, வெள்ளை உலோகக் கார்புரேட்டர் போன்றவற்றை உள்ளே போடக் கூடாது, கரைந்துபோகும். வார்ப்பிரும்பை நெடுநாள் விடக் கூடாது. புளித்த வாடையும் ஈயும் வரும் என்பதால் பீப்பாயை மூடி, அயலார் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வெளியே எடுத்தவுடன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வெப்பக் காற்றால் உலர்த்தி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் பூசிவிட வேண்டும். டர்பன் ஈரத்தில் ஒரு இரவு விட்டால் காலையில் மஞ்சள் துரு படர்ந்திருக்கும். 1860 முதல் நம் முன்னோர் இந்த மண்ணில் வெட்டிய கரும்பின் பாகு அவர்கள் பேரப்பிள்ளைகளின் வண்டியை மீட்க உதவுகிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சேசிஸ் பீப்பாயில் அடங்காது. அதை மணல் வீச்சுக்கு அனுப்புவதே நல்லது. ஆனால் கதவு, பானட், கேபின் கூரை போன்ற அகலமான தட்டைத் தகடுகளுக்கு மணல் வீச அனுமதிக்காதீர்கள். மணல் அடிக்கும் வேகத்தில் தகட்டின் ஒரு பக்கம் மட்டும் நீண்டு, பரப்பு அலையலையாக உப்பிவிடும், அதை எந்தப் பேனல் பீட்டராலும் (தகடு நிமிர்த்துபவராலும்) முழுதாக மீட்க முடியாது.

கேபின் தகட்டை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதைச் செய்யாதவர்கள் பின்னர் கதவு மூடாமல் தவிப்பார்கள். கேபினைச் சேசிஸிலேயே போல்ட் போட்டு இறுக்கி, கதவுகளைத் தொங்கவிட்டு, இடைவெளிகளைச் சரிபார்த்து, அதன்பின் கதவு வாயில்களின் குறுக்கே சதுரக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து கேபினின் வடிவத்தைப் பூட்டுங்கள். அப்போதுதான் துருப்பிடித்த கீழ்ச்சட்டத்தை வெட்டி எடுக்கும்போது கேபின் தொய்ந்து விரியாது. ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். வலப்பக்கம் முழுதாக முடிந்து கதவு சரியாக மூடிய பிறகே இடப்பக்கத்தைத் தொடுங்கள்.

வெல்டிங்குக்கு ஆர்கனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவோடு 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட மிக் இயந்திரம் போதும். புதிய தகட்டைப் பழையதன்மேல் ஏற்றி ஒட்டாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுங்கள். ஏற்றி ஒட்டிய இடத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி, சில மழைக்காலங்களில் அதே இடத்தில் துரு மீண்டும் வெளிவரும். தொடர்ச்சியாகக் கோடு இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகே இடைவெளிகளை நிரப்புங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்துக்கு அருகில் ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். அந்த ஆவி வில்லொளியில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். பழைய பெட்ரோல் தொட்டி காலியாக இருந்தாலும் அதை வீட்டில் ஒட்ட முயலக் கூடாது. முழுத் தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆவியால் வெடிக்கும்.

இப்போது நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது பிரேக்கைப் பற்றி. உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைவரை போய்விடும், வண்டி நிற்காது. வி8 இஞ்சின் வைத்த வண்டியை நீங்கள் பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்திலும், என்3 சாலையில் டவுன் ஹில் இறக்கத்திலும் கட்டாயம் ஓட்டுவீர்கள். ஆகவே எந்த இஞ்சினுக்கும் முன்பாக, முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரிந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பாகம்), முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் வர வேண்டும்.

இதில் பலர் தவறவிடுகிற நுட்பம் ஒன்று உண்டு. இந்தப் பக்கியில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சேசிஸோடு ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. அது, டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் கேலிப்பரின் உயரத்துக்குக் கீழே இருந்தால், வண்டி நிற்கும்போது எண்ணெய் மெல்லப் பின்னோக்கி இறங்கிவிடும். அடுத்த முறை பெடல் பாதி வெறுமையாகப் போகும். இதைத் தடுக்க டிஸ்க் சுற்றில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு), டிரம் சுற்றில் 10 பிஎஸ்ஐ அழுத்தம் தக்கவைக்கும் வால்வுகளைப் பொருத்த வேண்டும். சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம்முக்கான வால்வு உள்ளேயே இருக்கும் என்பதால் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்குவம் பூஸ்டர் வைப்பதானால் பெடலின் நெம்பு விகிதம் நான்குக்கு ஒன்று என்ற அளவிலும், பூஸ்டர் இல்லாவிட்டால் ஆறுக்கு ஒன்று என்ற அளவிலும் இருப்பது நல்லது. குழாய்களைச் செம்பு-நிக்கலில் 3/16 அங்குல அளவில் போட்டு, முனைகளை இரட்டை மடிப்பாக விரித்து இணையுங்கள்; தண்ணீர்க் குழாய்க்கான அழுத்து இணைப்புகள் பிரேக்குக்கு ஆகவே ஆகா. பழைய டிரம்களைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் 2008இல்தான் தடைசெய்யப்பட்டது. அந்த லைனிங்குகளில் அது இருக்கிறது என்றே கருதி, தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

முன் அச்சு விஷயத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்சக்கரங்கள் திரும்பும் ஆணிகளான கிங்பின்களையும் அவற்றின் புஷ்களையும் புதுப்பித்து, பழைய ஒற்றை அச்சையே வைத்துக்கொண்டு, டிஸ்க் தொகுதியும் தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங்கும் போடுவது ஒரு வழி. அமெரிக்காவில் பரவலாகப் போடும் முஸ்டாங் 2 வகைத் தனிச் சக்கர அமைப்பை அல்லது நம் நாட்டில் பழைய கட்டுநர்கள் விரும்பும் ஜாகுவார் எக்ஸ்ஜே6 முன் சட்டத்தைப் பொருத்துவது இன்னொரு வழி. ஜாகுவார் சட்டம் வலப்பக்க ஸ்டியரிங்கோடும் பவர் ஸ்டியரிங்கோடும் டிஸ்க்கோடும் ஒரே தொகுதியாக வருகிறது என்பது பெரிய வசதி. முஸ்டாங் தொகுதி வாங்கினால் வலப்பக்க ஸ்டியரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள். ஆனாலும் இது உங்கள் முதல் வண்டி என்பதால் நான் பழைய அச்சையே பரிந்துரைக்கிறேன். சேசிஸின் முன்பகுதியை வெட்டி, சக்கரக் கோணங்களைத் தீர்மானிக்கிற குறுக்குச் சட்டத்தை ஒட்டுவது, தகடு ஒட்டக் கற்றுக்கொண்ட கையால் செய்யத் தக்க வேலை அல்ல. அதைச் செய்ய விரும்பினால் தகுதிபெற்ற வெல்டரிடம் கொடுங்கள். எந்த வழியானாலும், மோதலில் நெஞ்சை நோக்கி ஈட்டியாக வரக்கூடிய பழைய ஒற்றைத் தண்டை நீக்கி, மடங்கிச் சுருங்கும் ஸ்டியரிங் தண்டைப் போடுங்கள். சீட் பெல்ட்டின் பிடிப்புகளை வெறும் தகட்டில் துளையிட்டு மாட்டாமல், அடியில் தடித்த எஃகுப் பட்டை வைத்துப் பலப்படுத்துங்கள்.

பின் அச்சை மாற்றித்தான் ஆக வேண்டும். 1951 அரை டன் வண்டியில் சுழல் தண்டு ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது; அந்தக் குழாய் கியர்பாக்ஸோடும், டிஃப் என்று சொல்லும் பின் அச்சின் டிஃபரன்ஷியலோடும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், கியர்பாக்ஸை மாற்றினால் பின் அச்சும் கூடவே போக வேண்டும். இங்கேதான் ஹைலக்ஸ் உண்மையாகவே உதவிக்கு வருகிறது. உங்கள் சக்கரத்தின் ஆறு போல்ட் வட்டம் 5.5 அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர், ஆறு போல்ட் ஹைலக்ஸ் டிஃப்பின் அளவும் அதுவே. ஆகவே நான்கு சக்கரமும் ஒரே வகையாக இருக்கலாம். நடுத்துளையின் விட்டத்தையும் அச்சின் மொத்த அகலத்தையும் மட்டும் வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள். நல்ல கைப்பிரேக்கும் அதோடு சேர்ந்தே வருகிறது.

டிஃப் விகிதம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். பழைய டிஃப்பின் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு முறை சுழல, சுழல் தண்டு 4.11 முறை சுழல வேண்டும். சுமார் 72 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரோடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 737 முறை சுழல்கிறது. இஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டி ஓட வேண்டும். பழைய 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் தன் உச்ச ஆற்றலைத் தருவதே அதைச் சற்று ஒட்டிய வேகத்தில்தான். அதன் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் போவதில்லை, பேரிங்குகளும் உருக்கி வார்த்த வெள்ளை உலோகம். என்2 சாலையில் டொங்காட்டுக்கும் டர்பனுக்கும் அந்த வேகத்தில் தினமும் ஓட்டினால் அது தாங்காது. 3.58 விகிதமுள்ள டிஃப்பும், சுமார் 0.7 ஓவர்டிரைவ் (வேகச் சாலைக்கான மேல் கியர்) உள்ள ஆட்டோமேட்டிக்கும் இருந்தால் அதே வேகத்துக்கு 1,850 சுற்று போதும்.

இஞ்சினைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். லெக்சஸின் 1யூஇசட் வி8 நான்கு லிட்டர் கொள்ளளவு கொண்ட அலுமினிய இஞ்சின். நம் நாட்டில் பக்கிகளுக்கு அது மிகவும் பிடித்தமான மாற்று, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இஞ்சின், கியர்பாக்ஸ், கணினிப் பெட்டி, முழு வயரிங் தொகுதி ஆகிய நான்கும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். தனியாக வரும் இஞ்சின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் லாபமில்லை. அதன் எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா என்பது நீங்கள் முடிவு செய்யும் முன் அச்சைப் பொறுத்தது. அச்சு முடிவாகாமல் இஞ்சின் வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். 2009ஆம் ஆண்டின் பயன்படுத்திய பொருள் விற்பனைச் சட்டப்படி பதிவு பெற்ற வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். அந்த இஞ்சின் எண்ணைக் காவல்துறை சரிபார்த்துச் சான்று தந்த பிறகே பதிவேட்டில் மாற்ற முடியும்.

வி8 கட்டாயமில்லை என்று மனம் மாறினால், 1970களில் இங்கே ஏராளமாக ஓடிய ஷெவர்லே 4.1 லிட்டர் ஆறு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் நீளமான ஆறு சிலிண்டர் தெரிவது இந்த வண்டியின் இயல்புக்குப் பொருத்தமாக இருக்கும், கணினி எதுவும் வேண்டாம், பாகங்களும் கிடைக்கின்றன. என் சொந்த வண்டியாக இருந்தால் நான் இதைத்தான் வைப்பேன்.

பழைய 6 வோல்ட் வயரிங்கை முழுதாக எடுத்துவிட்டு 12 வோல்ட்டில் புதிய தொகுதி போடுங்கள்; பருத்தி உறை சுற்றிய வயர்கள் எழுபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். பெட்ரோல் தொட்டி கேபினுக்குள் சீட்டின் பின்னால் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து, பின் லோடு பாக்ஸின் கீழே, சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே புதிய தொட்டி அமைப்பதை நான் வலியுறுத்துகிறேன். குடும்பத்தோடு போகும் கேபினுக்குள் பெட்ரோல் இருக்கக் கூடாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று கருதி, உலர்ந்த தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. மேற்பூச்சை வீட்டில் அடிக்காதீர்கள். இரண்டு பாகம் கலக்கும் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் சாதாரண முகமூடியைத் தாண்டி நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வேண்டும். ஃபீனிக்ஸில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, அந்த ஆவி அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போகும். பிரைமரும் தேய்ப்பும் முடிந்த பாகங்களை முறையான ஸ்பிரே அறை உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெயின்ட் காய்ந்த பிறகு கதவுகளுக்குள்ளும் கேபின் மூலைகளுக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்சி, நீர் வடியும் துளைகளைத் திறந்தே வையுங்கள்.

கண்ணாடி உங்களுக்குச் சுலபம். 1953 வரையிலான இந்த ரகத்தில் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். அங்கீகார முத்திரை உள்ள லாமினேட்டட் கண்ணாடியை உள்ளூரிலேயே வெட்டிப் பொருத்தலாம். லோடு பாக்ஸின் தரைக்கு இங்கே விளையும் சலிக்னா மரம் நன்றாகப் பொருந்தும். பலகைகளை ஒன்றோடொன்று நெருக்காமல், எஃகுப் பட்டைகளின் கீழே ஈரத்தில் விரிவதற்கு இடம் விட்டு, அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் எண்ணெய் பூசிய பிறகே பூட்டுங்கள்.

எல்லாம் கூடியபின் எடைமேடையில் புதிய எடைச் சான்று வாங்கி, காவல்துறைச் சரிபார்ப்பும் முடித்து, வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனைக்குப் போங்கள். அந்தச் சான்று 60 நாள்தான் செல்லும். ஆகவே மற்ற காகிதங்கள் கையில் வந்த பிறகே சோதனைக்கு நாள் குறியுங்கள். அமெரிக்காவிலிருந்து முகப்பு விளக்கு வாங்கியிருந்தால், அதன் தாழ் ஒளி வலப்பக்கம் சாயும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அது எதிரில் வருபவரின் கண்ணில் படும், சோதனையிலும் தேறாது. முதல் 500 கிலோமீட்டரை வீட்டுக்கு அருகிலேயே ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கர நட்டுகள், ஸ்பிரிங் யூ-போல்ட்டுகள், ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் குழாய் இணைப்புகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை முழுதாக மாற்றிவிடுங்கள். சேசிஸின் மூலைவிட்ட அளவுகள் இரண்டையும் எடுத்தவுடன் எனக்கு எழுதுங்கள், முன் அச்சைப் பற்றி அதை வைத்துப் பேசுவோம்.